செவிலியாகிய தெய்வம்

மோரோ வந்தாள் என்று எழுதுவதா, மோரோ வந்தது என்று எழுதுவதா? இக்கட்டுரையைத் தொடங்குவோர் எவர்க்கும் முதற்கண் எழும் தடை இதுவே. மோரோ ஓநாய், ஆதலின் அஃறிணை. மோரோ தெய்வமும் ஆவாள். தெய்வப் பெயர்கள் தமக்கென ஈறு உடையன அல்லவெனினும் உயர்திணை மருங்கின் பால் காட்டி வரும் என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலார் ஒருபடி மேற்சென்று மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணைக்கண் அடக்கினார். ஓநாயும் தெய்வமும் ஓருடம்பில் நிற்குமாயின் அதனை எத்திணையில் வைப்பது? ஜப்பானிய மொழிக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. அம்மொழியில் வினைமுற்று திணை பால் காட்டுவதில்லை. 'காமி' என்னும் சொல்லும் ஆண், பெண் என்னும் வேறுபாடு சுட்டாது. ஆகவே அங்கே மறைந்து கிடக்கும் வினா தமிழில் எழுதப் புகும்போது வெளிப்பட்டு நிற்கின்றது. இஃது இலக்கணத்தோடு மட்டும் அமையும் வினாவன்று. உயர்திணை என மதிக்கத் தக்கார் யார், அல்லாதார் யார் என்பதே ஹயாவோ மியசாக்கியின் 'மோனோனோக்கே ஹிமே' என்னும் படத்தின் உயிர்நிலை. யாம் ஈண்டு மோரோவை 'அவள்' என்றே சுட்டுவாம். அங்ஙனம் சுட்டுதற்குரிய காரணம் மேலே விளங்கும்.

இப்படம் ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்று 1997ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானில் வெளிவந்தது. கையால் வரைந்த ஓவியங்களே பெரும்பகுதியும் இயங்கும் படம் அது. ஓவியப் படத்தைத் தமிழாய்வுப் பக்கங்களில் ஆராயலாமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறலாம்: கூத்தையும் நாடகத்தையும் முத்தமிழுள் ஒன்றாகக் கொண்ட மரபினர் நாம், கதையும் மெய்ப்பாடும் உடைய ஒன்றைக் கண்ணாற் காணும் வடிவில் இருத்தல் பற்றி விலக்குதல் நமக்குப் பொருந்தாது.

கதை நிகழும் காலம் ஏறத்தாழ முரோமாச்சிக் காலம். நம் கணக்கில் 14 முதல் 16 வரையிலான நூற்றாண்டுகள். வடகிழக்கில் ஒடுங்கி வாழும் எமிஷிக் குடியின் இளவரசன் அஷிதாகா, தன் ஊரின்மேல் வெறிகொண்டு பாய்ந்த காட்டுப்பன்றித் தெய்வம் ஒன்றை அம்பெய்து வீழ்த்துகின்றான். நாகோ எனப் பெயரிய அப்பன்றியின் உடலில் இருப்புக் குண்டு ஒன்று புதைந்திருந்தது. அதன் நோவும் அச்சமும் அத்தெய்வத்தைச் சாபத் தெய்வமாகத் திரித்துவிட்டன. அச்சாபம் அஷிதாகாவின் வலக்கையிற் பற்றுகின்றது. குண்டு வந்த இடம் தேடி மேற்றிசை செல்லும் அவன், எபோஷி என்னும் பெண் தலைவி ஆளும் இரும்பு உருக்கும் ஊரையும், அவ்வூர் அழித்துவரும் பெருங்காட்டையும், அக்காட்டைக் காக்கும் வெண்ணிற ஓநாய்த் தெய்வமாகிய மோரோவையும், மோரோ வளர்த்த மனிதப் பெண்ணாகிய சானையும் காண்கின்றான். மோரோவுக்கு அகவை முந்நூறு, வால் இரண்டு, இளம் ஓநாய் மைந்தரும் இருவர். 'மோனோனோக்கே' என்பது சானின் இயற்பெயரன்று. ஆவியாய்ப் பற்றி நோயும் இறப்பும் விளைக்கும் ஒன்றைக் குறிக்கும் பழஞ்சொல் அது. 'கெஞ்சி மோனோகத்தாரி' போன்ற பழைய இலக்கியங்களில் மாந்தரைப் பிடித்து வருத்துவதாக வருவது. இரும்பூரார் அப்பெண்ணுக்குச் சூட்டிய வசைப்பெயரே படத்தின் பெயராயிற்று. பகைவர் இட்ட பெயரால் ஒருத்தியை நாமும் அழைக்கின்றோம் என்பதைப் படம் காண்போருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மோரோவைப் புரிந்துகொள்ள ஜப்பானில் ஓநாய்க்கு இருந்த இடத்தை முதலில் அறிதல் வேண்டும். அந்நாட்டு மொழியில் ஓநாயைக் குறிக்கும் 'ஓகாமி' என்னும் சொல், 'பெருந்தெய்வம்' எனப் பொருள்படும் மற்றொரு சொல்லோடு ஒலியால் ஒத்தது. சிச்சிபு மலைப்பகுதியிலுள்ள மித்ஸுமினே கோயிலில் ஓநாய் தெய்வத்தின் தூதாகப் போற்றப்படுகின்றது. அக்கோயில் வாயிலில் காவல் நிற்பன ஓநாய் உருவங்களே. ஓநாய் வடிவம் பொறித்த காப்பேடுகளை அடியார் பெற்றுச் சென்று, கள்வரும் தீயும் அணுகாமைப் பொருட்டு இல்லங்களில் வைத்தனர். முசாஷி மிதாக்கே கோயிலிலும் பெருவாயுடைய மெய்த்தெய்வம் என்னும் பெயரால் ஓநாய் வழிபடப்படுகின்றது. இவ்வழிபாட்டின் வேர் உழவில் உள்ளது. விளைந்த பயிரை இரவில் உழுது அழிக்கும் பன்றியையும், மேய்ந்து அழிக்கும் மானையும் கொன்று தின்பது ஓநாய். எனவே மலைச்சாரல் உழவர்க்கு அது புனங்காவலனாக விளங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வெறிநோய் அந்நாட்டிற் பரவியபின் அன்பு அச்சமாக மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சம் வேட்டையாயிற்று. 1905ஆம் ஆண்டு சனவரியில் நாரா மாநிலத்து மலையூர் ஒன்றில் கிடைத்த ஓநாயின் உடலே அறிவியலார் கைக்கு வந்த இறுதிச் சான்று. அதனை விலைக்கு வாங்கியவர் ஓர் அமெரிக்க விலங்கியலார். அதன் தோலும் மண்டையோடும் இன்று இலண்டனில் உள்ளன. காத்தற்றெய்வத்தின் எச்சம் கடல்கடந்து ஒரு காட்சிச்சாலைப் பெட்டகத்தில் கிடப்பதை என்னென்பது!

இவ்வரலாற்றை நினைவிற் கொண்டு படத்தை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். மியசாக்கி மரபை அப்படியே எடுத்தாளவில்லை, அதனைத் தலைகீழாக்குகின்றார். மரபில் ஓநாய், பன்றியிடமிருந்து மனிதனைக் காப்பது. படத்திலோ ஓநாயும் பன்றியும் ஒரு பக்கம் நிற்க, மனிதன் மறுபக்கம் நிற்கின்றான். தனக்கு இரையாக வேண்டிய பன்றிக் கூட்டத்தோடு மோரோ ஒரே போர்க்களத்தில் நிற்கும் நிலை வந்துவிட்டது. அக்கூட்டத்தின் தலைவனும் தென்மேற்குத் தீவிலிருந்து வந்த கண்ணிழந்த முதியவனுமாகிய ஒக்கோட்டோவிடம் அவள் காட்டும் மதிப்பில் நட்பினும் இரக்கமே மிகுதி. பன்றிகள் தம் அறியாமையால் அழியப் போவதை அவள் அறிவாள். காடு அழியும்போது காட்டின் உட்பகைகளும் பொருளிழக்கும் என்னும் கருத்தை எவரும் எடுத்துரையாமலே படம் உணர்த்திவிடுகின்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. படத்திலுள்ள மாந்தர் மோரோவின் இனத்தை 'ஓகாமி' என்னாது 'யாமாஇனு' என்றே வழங்குவர். அதற்கு மலைநாய் என்பது பொருள். ஓநாய் என்னும் நம் சொல்லுள்ளும் நாய் நிற்றல் ஒப்புநோக்கத் தக்கது. பெருந்தெய்வத்தை நினைவூட்டும் ஒலியை விடுத்து நாயை நினைவூட்டும் சொல்லை மாந்தர் வாயிற் பெய்தமை, தெய்வத்தன்மை குன்றிவரும் காலத்தின் குறி எனக் கொள்வதில் இழுக்கில்லை.

இனி, அவளிடம் சான் வந்த வரலாறு. காட்டை மாசுபடுத்திய மனிதர் சிலர் மோரோவின் பற்களுக்கு அஞ்சி ஓடினர். ஓடுங்கால், அவளைத் தடுத்தற்பொருட்டுத் தம் கைக்குழந்தையை அவள் முன் எறிந்துவிட்டுச் சென்றனர். இதனை மோரோவே பின்னர் அஷிதாகாவுக்குக் கூறுகின்றாள். பலிகொடுத்த பெற்றோர் உயிர் பிழைத்தனர்; பலியாய் வந்த குழவி மகளாயிற்று. ஏன் தின்னவில்லை என்பதற்கு அவள் காரணம் கூறவில்லை, படமும் கூறவில்லை. இவ்வமைதி போற்றத்தக்கது. ஓநாய்க்கு இரக்கம் பிறந்த கணத்தை விரித்துக் காட்டியிருப்பின், அது மனித இரக்கத்தின் படியாக முடிந்திருக்கும்.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுத்துரைக்குங்கால், நாய், பன்றி, புலி, முயல் என்பவற்றின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை உரிமையாக்கி, நரியையும் அதன்கண் சேர்ப்பர். மக்கட்கு உரியனவாகக் குழவியும் மகவும் என்னும் இரண்டையே வரையறுப்பர். இவற்றுள் மகவு குரங்கினத்துக்கும், குழவி யானைக்கும் ஆவிற்கும் எருமைக்கும் செல்லும். ஆயின் குருளை மக்கட்கு வாராது. சானை என் சொல்லி அழைப்பது? மோரோவுக்கு அவள் குருளை. பெற்றோர்க்கு அவள் மகவாகவும் நின்றிலள். இரு கரைக்கும் பொதுவாய் நிற்கும் குழவி என்னும் சொல் ஒன்றே அவளுக்குப் பொருந்துவது. மனிதர்க்கும் விலங்கிற்கும் ஒரே இளமைப் பெயரை உடன்பட்ட மரபு, இரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் உயிரைக் காணுங்கால் சொல்லின்றித் திகைக்க வேண்டுவதில்லை. மோரோவும் இவ்விடைநிலையை நன்கு அறிந்தவள். தன் மகள் மனிதராகவும் இயலாள், முற்ற ஓநாயாகவும் இயலாள் என்றும், இரங்கத்தக்கவள், அழகற்றவள், ஆயினும் அருமை மகள் என்றும் பொருள்பட அவள் கூறுமிடம், இப்படத்துள் தாய்மை பேசும் இடங்களுள் தலையாயது. குறையை மறைக்கும் அன்பு எளிது. குறையனைத்தையும் எண்ணிச் சொல்லி, அவ்வெண்ணிக்கையின் முடிவில் மகள் என்னும் சொல்லை வைப்பது அரிது.

ஓநாய் வளர்த்த மனிதக் குழவி என்றவுடன் உரோமாபுரியின் தோற்றக் கதை நினைவுக்கு வரும்; கிப்ளிங் 1894இல் வெளியிட்ட கானகக் கதைகளும் நினைவுக்கு வரும். இவ்வொப்புமையைப் பலர் மேலோட்டமாகக் கூறிச் செல்வர். வேற்றுமையே கருதத்தக்கது. ரோமுலசுக்கும் ரீமசுக்கும் பாலூட்டிய ஓநாய், பாலூட்டி முடித்தவுடன் கதையினின்று நீங்கிவிடுகின்றது. நகரம் எழுதற்கு அது ஒரு படிக்கட்டு. கிப்ளிங்கின் தாய் ஓநாயாகிய ரக்ஷா வேங்கையை எதிர்த்து மௌக்லியைக் காக்கும் காட்சி வீறுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் மௌக்லி இறுதியில் மனிதரிடமே திரும்புகின்றான். இரு கதைகளிலும் குழவி மனிதருக்கு உரியது; ஓநாய்க்கு அது கடன். சானோ திரும்புவதில்லை.

அஷிதாகா முதன்முதல் மோரோவையும் சானையும் காணும் இடம் ஓர் ஆற்றங்கரை. எபோஷியின் கூட்டத்தார் சுட்ட குண்டு மோரோவின் உடலிற் பாய்ந்திருக்கின்றது. சான் அப்புண்ணில் வாய்வைத்துக் குருதியை உறிஞ்சி உமிழ்கின்றாள். அயலான் ஒருவன் நோக்குவதறிந்து குருதி தோய்ந்த வாயோடு திரும்பிப் பார்க்கின்றாள். உரோமாபுரியில் உள்ள புகழ்பெற்ற வெண்கல ஓநாயை ஈண்டு எண்ணுக. அதன் மடியின்கீழ் இரு குழந்தைகள் வாயைத் திறந்து பால் குடிக்கின்றன. (அக்குழந்தை உருவங்கள் பதினைந்தாம் நூற்றாண்டிற் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பது கலை வரலாற்றார் துணிபு.) அங்கே ஓநாயின் உடலிலிருந்து மனிதக் குழவி பாலைப் பெறுகின்றது. இங்கே மனித மகள் ஓநாய்த் தாயின் உடலிலிருந்து நஞ்சை வாங்குகின்றாள். மியசாக்கி அவ்வெண்கல உருவை எண்ணியே இக்காட்சியை வரைந்தார் எனக் கூற யாம் துணியவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கால், உண்டு வளர்ந்த வாய் கடன் தீர்க்கும் வாயாக மாறியிருத்தல் தெளிவு. பின்னர்ப் புண்பட்டு மெல்லும் வலிமையும் இழந்து கிடக்கும் அஷிதாகாவுக்குச் சான் உலர்ந்த இறைச்சியைத் தன் வாயில் மென்று, வாயோடு வாய் வைத்து ஊட்டுகின்றாள். இதனைக் காதற் குறிப்பாகக் கொள்வார் உளர். ஓநாய் தன் குட்டிக்கு ஊட்டும் முறை அது. தாயிடம் கற்ற ஒன்றையே மகள் அறியாது செய்கின்றாள். மோரோவின் வளர்ப்புக்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

படத்தின் நடுவே வரும் இரவுக் காட்சி தனித்து ஆராயத்தக்கது. மோரோவின் குகையில் உறங்கி விழித்த அஷிதாகா வெளியே வருகின்றான். மேலே பாறைமீது மோரோ கிடக்கின்றாள். உறக்கத்தில் அவன் ஒருமுறை முனகியிருந்தாலும் கடித்துக் கொன்றிருப்பேன் என்னும் பொருள்பட அவள் பேச்சைத் தொடங்குவது, தெய்வத்தின் நகைச்சுவை. அழுகிவரும் தன் உடலின் நோவையும் காட்டின் ஓலத்தையும் கேட்டுக்கொண்டு, எபோஷியின் தலையைக் கடித்து நொறுக்கும் நாளையே கனவு கண்டு கிடப்பதாக அவள் கூறுகின்றாள். அஷிதாகா, சான் மனிதப் பெண், அவளை விடுவித்துவிடு என்கின்றான். மோரோ சினந்து அவன் வாயை அடக்கிவிட்டு, எறியப்பட்ட குழவியின் கதையைக் கூறி, உன்னால் அவளைக் காக்க இயலுமா எனக் கேட்கின்றாள். தெரியவில்லை, உடன்வாழ இயலும் என்பது அவன் விடை. அவ்விடையை அவள் ஏளனம் செய்கின்றாள். காடு அழியும் நாளில் மகளும் அழிவாள் என்பதே அவள் துணிபு.

இவ்வுரையாடலைக் கொண்டு மோரோ மகளைத் தன்னோடு சாகச் செய்யும் கொடிய தாய் என்று முடிவு கட்டுவார் சிலர். அது முழுப்படத்தையும் நோக்காத முடிபு. பன்றிகளின் இறுதிப் போருக்கு முன் மோரோ தன் மகளிடம், அந்த இளைஞனோடு வாழும் வழியும் உனக்கு உண்டு என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். மனிதரை வெறுப்பதாகச் சான் மறுக்கின்றாள். இளைஞன் கேட்டபோது அடைத்த கதவை, அவன் இல்லாத இடத்தில் மகளுக்குத் திறந்து வைத்தவள் மோரோ. அயலான் தன் மகளைத் தனக்குரியவள் என்பதுபோல் கேட்பதைத் தாய் பொறுக்கமாட்டாள். மகள் தானே விரும்பிச் செல்வாளாயின் தடுக்கவும் மாட்டாள். இவ்விரண்டும் முரண்பட்ட நிலைகள் அல்ல.

அகத்திணை பயின்றார்க்கு இவ்விடத்தில் செவிலி நினைவுக்கு வருவாள். பெற்ற நற்றாயினும் வளர்த்த செவிலிக்கே உடன்போக்கில் துயர் மிகுதி. மகள் சென்ற சுரத்தின் வழியே தேடிச் செல்பவளும் அவளே. பாலைக்கலியில், தேடிச் சென்ற செவிலியை வழியிற் கண்ட அந்தணர், மலையிற் பிறந்த சந்தனம் பூசுவார்க்கன்றி மலைக்குப் பயன்படாதவாறுபோல மகளும் பெற்றோர்க்கு உரியளல்லள் எனத் தெளிவித்தனர். மோரோவின் நிலை இதற்கு நேர்மாறானது. தன் மகள் தன்னோடு இருத்தற்குரியவளல்லள் என்னும் தெளிவை எவரும் வந்து அவளுக்குக் கூறவேண்டுவதில்லை. முன்னரே அவள் அறிவாள். போகலாம் என்று செவிலியே கூற, போகேன் என்று மகள் மறுப்பதுதான் இங்கு நிகழ்வது. ஈண்டு ஒரு தடை கூறி மேற்செல்வாம். மோரோவைக் கொற்றவையோடும் காடுகிழாளோடும் ஒப்பிட்டு எழுத ஒருவர்க்கு ஆசை எழக்கூடும். வெற்றி வேண்டி மறவர் வழிபடும் தெய்வம் கொற்றவை. மோரோவை வழிபடுவார் படத்தில் எவரும் இல்லை. அவள் எவர்க்கும் வெற்றி தருவதுமில்லை. பெயரளவில் காடும் பெண்மையும் ஒத்தல் கொண்டு தெய்வங்களை இணைத்தல் ஆராய்ச்சியாகாது. செவிலியோடு காட்டிய ஒப்பும் நிலை பற்றியதேயன்றி மரபு பற்றியதன்று.

எதிர்நிலையில் நிற்கும் எபோஷியை நோக்காமல் மோரோவை மதிப்பிடல் இயலாது. தாத்தாரா எனப்படும் உலைமுறையில் ஆற்றுமணலிலிருந்து பிரித்த இரும்புத் துகளையும் மரக்கரியையும் மாறிமாறி இட்டு, இரவுபகல் ஓயாது துருத்தி மிதித்து இரும்பெடுப்பர். கரிக்கு மரம் வேண்டும். மணலுக்கு மலையைக் கரைக்க வேண்டும். ஆகவே உலை எரியக் காடு குறையும். இத்தொழில் நிகழ்ந்த பகுதிகளில் பெண்கள் உலைக்கூடத்தில் நுழைதல் தீட்டென விலக்கப்பட்டிருந்தது. எபோஷியின் ஊரிலோ துருத்தி மிதிப்போர் பெண்களே. விலைமகளிராக விற்கப்பட்ட அவர்களை அவள் விலைகொடுத்து மீட்டுக் கொணர்ந்தாள். உடலெங்கும் துணி சுற்றி வாழும் நோயாளர்க்குத் தனிமனை அமைத்து, அவர்தம் புண்ணைத் தன் கையாற் கழுவி, துப்பாக்கி செய்யும் தொழிலையும் மதிப்பையும் அளித்தாள். அந்நோய் தொழுநோய் எனக் கொள்ளவே படம் இடந்தருகின்றது.

ஆக, இப்படத்தில் வளர்ப்புத் தாயர் இருவர். மனிதர் எறிந்த ஒரு குழவியை மோரோ எடுத்தாள். மனிதர் எறிந்த ஓர் ஊரையே எபோஷி எடுத்தாள். இருவரும் தாம் எடுத்தவர்க்காகவே கொலை செய்கின்றனர். மோரோ கடித்துக் கொன்ற வண்டிக்காரர்க்கும் ஊரில் மனைவியர் உண்டு. இயற்கை நல்லது, மனிதன் தீயவன் என ஒரு வரியில் இப்படத்தை முடிப்பவர், நோயாளருள் முதியவர் ஒருவர் எபோஷியைக் கொல்லவேண்டா என அஷிதாகாவிடம் இரந்து பேசும் காட்சியை எங்ஙனம் விளக்குவர்? எபோஷியின் அறம் மனிதரோடு நின்றுவிடுகின்றது. அதுவே அவள் குறை. மோரோவின் அறமோ மனிதக் குழவி ஒன்றனைத் தன் எல்லைக்குள் ஏற்றுக்கொண்டது. இவ்வொரு வேற்றுமையால் மோரோ உயர்ந்து நிற்கின்றாள். மனிதரிடையே பிறந்து மனிதரால் அஃறிணைப் பொருள்போல் எறியப்பட்ட உயிரை உயர்திணையாக ஏற்றது ஓர் ஓநாய். அவளை 'அது' என்று எழுத எம் கை எழாமைக்குக் காரணம் இதுவே.

நாகோவின் உடலிற் புதைந்தது போன்ற மனிதரின் நச்சுக்குண்டு மோரோவின் உடலிலும் உண்டு. நாகோ சாபத் தெய்வமாகத் திரிந்தான்; மோரோ திரியவில்லை. அவன் இறப்புக்கு அஞ்சி ஓடினான், தான் ஓடாது தன் இறப்பை நோக்கி நிற்பதாக அவளே இவ்வேறுபாட்டை விளக்குகின்றாள். காட்டின் பேரிறையாகிய ஷிஷிகாமியை வேண்டிப் புண்ணை ஆற்றிக்கொள்ளுமாறு சான் மன்றாடுகின்றாள். போதிய நாள் வாழ்ந்தாயிற்று, அவ்விறை புண்ணை ஆற்றாது உயிரையே கொள்ளும் என்பது மோரோவின் விடை. இதுகாறும் அவ்விறையைக் காத்தவர் தாமல்லவா என்று மகள் வாதிடுகின்றாள். காத்தமைக்குக் கைம்மாறு வேண்டும் என்னும் எண்ணம் மகளிடம் எஞ்சிய மனிதத் தன்மை. தாய்க்கு அவ்வெண்ணம் இல்லை. காடு எவர்க்கும் கடன்பட்டதன்று. இதனை அறிந்தும் காப்பவளே காவல் தெய்வம் எனப்படுதற்குரியாள்.

மோரோவின் குரல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஜப்பானிய மூலத்தில் அக்குரலை வழங்கியவர் அகிஹிரோ மிவா என்னும் ஆண் பாடகர். ஆண் பெண் எல்லையைக் கடந்த கோலத்தாலும் கலையாலும் பெயர்பெற்றவர். ஆழ்ந்து முழங்கிச் சட்டென எள்ளலாக மெலியும் அக்குரல், தாய்மை என்றவுடன் நாம் எதிர்பார்க்கும் குழைவை முற்றும் விலக்குகின்றது. ஆங்கில வடிவில் பெண் நடிகர் ஒருவர் பேசியுள்ளார். நன்றேயாயினும் தெய்வத்தின் பழமை அதில் குறைந்து தோன்றுகின்றது. இயலுமாயின் மாணவர் மூல ஒலியோடு காண்க.

இறுதிக் காட்சிகளில் மோரோ எபோஷிக்கென இருத்தி வைத்திருந்த கடைசி வலிமைக்கு ஒரு சோதனை நேர்கின்றது. ஒக்கோட்டோ குண்டுபட்டுச் சாபத் தெய்வமாகத் திரிந்துவருகின்றான். அவன் உடலைச் சூழ்ந்து நெளியும் தசைக்கொடிகளுள் சான் சிக்கிக்கொள்கின்றாள். இறந்தவள்போல் நீர்க்கரையிற் கிடந்த மோரோ எழுகின்றாள். அந்தப் பெண்ணுக்கென்று வைத்திருந்த வலிமை இது என அலுத்துக்கொண்டே அக்கொடிகளுக்குள் வாயை நுழைத்து மகளை இழுத்தெடுக்கின்றாள். பழியா, மகளா என்னும் வினாவை அவள் நீள எண்ணவில்லை; புலம்பவும் இல்லை. நெடுநாள் மனத்தில் வளர்த்த வஞ்சினம் ஓர் அலுப்புக் குறிப்போடு கைவிடப்படுகின்றது. உலக இலக்கியத்தில் வஞ்சினம் கூறி முடித்தாரைப் பாடிய பாடல் பல. வஞ்சினத்தை இவ்வளவு எளிதாகத் துறந்த காட்சி மிகச் சிலவே. பின்னர் ஷிஷிகாமி வர, ஒக்கோட்டோவும் மோரோவும் உயிர் நீங்குகின்றனர்.

எபோஷி ஷிஷிகாமியின் தலையைச் சுட்டு வீழ்த்திய பின்னர், உயிரற்றுக் கிடந்த மோரோவின் தலை மட்டும் எழுந்து பாய்ந்து எபோஷியின் வலக்கையைக் கடித்து எடுக்கின்றது. இக்காட்சியை மிகையென்பார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. அவள் கனவு கண்டது தலையை, கிடைத்தது கை. தலைக்குரிய வலிமை மகளுக்காகச் செலவாயிற்று. எஞ்சிய துளியில் இவ்வளவே இயலும். கணக்கு நேராக இருக்கின்றது. எபோஷியைத் தன்னிடம் தரும்படி வெகுளும் சானை, மோரோ பழிதீர்த்துவிட்டாள் என்று கூறி அஷிதாகா தடுப்பதும் இதனால் பொருளுடையதாகின்றது. தாய் கை ஒன்றோடு பழியை முடித்து வைத்தமையால், மகள் அப்பழியைச் சுமந்து வாழவேண்டாதவள் ஆனாள்.

படத்தில் எமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்று. மோரோ இறந்தபின் சான் துயருறுதற்குப் படம் இடம் அளிக்கவில்லை. தலையிழந்த பேருருவின் அழிவும் அதனைத் திருப்பித் தரும் ஓட்டமும் காட்சியின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்கின்றன. முந்நூறாண்டு வாழ்ந்த தாய்க்கு ஒரு கையறுநிலை வேண்டாவோ? சில நொடிகளேனும் மகள் அவ்வெண்ணிற உடலருகே நின்றிருந்தால் அவலம் நிறைவுற்றிருக்கும். விரைவுக்காக மெய்ப்பாட்டை விட்டுக்கொடுத்தல் திரைக்கலைக்கு இயல்பாகிவிட்ட குற்றம். மியசாக்கி போன்றாரும் அதற்கு விலக்கல்லர்.

தலை திருப்பித் தரப்பட்டபின் மலை மீண்டும் பசுமை கொள்கின்றது. எனினும் இது பழைய காடன்று என்பதைச் சான் உணர்கின்றாள். அஷிதாகாவிடம் அன்பு உண்டு, மனிதரைப் பொறுக்க இயலாது என்று கூறி அவள் காட்டிற்கே செல்கின்றாள். அவன் இரும்பூரில் தங்கி அவளைக் காண வருவதாகக் கூறுகின்றான். மோரோ ஏளனம் செய்த அவ்விடை, உடன்வாழ்தல் என்பது, இருவேறு இடங்களில் வாழ்தலாகச் சுருங்கி உண்மையாகின்றது. எபோஷியோ ஒரு கையோடு தன் மக்களிடையே அமர்ந்து, தான் ஓநாயின் முதுகிற் சுமக்கப்பட்டு உயிர் பிழைத்ததைத் தன்னையே நகைப்பாள்போல் கூறுகின்றாள். சுமந்தது மோரோவின் குடியே. தாயைக் கொன்ற குண்டுக்கு உரியவளை அவள் மரபினர் தம் முதுகில் ஏற்றிக் கரைசேர்த்த காட்சியைப் படம் காட்டவில்லை. எபோஷியின் வாய்ச்சொல்லாக மட்டும் அது நமக்குக் கிடைக்கின்றது.